பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு வீடு: பத்தாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

அடுக்குமாடி வீடுகளைப் பற்றி எழுதப்படும் மதிப்பீடுகள் பெரும்பாலும் சுற்றுச்சுவருக்குள்ளேயே நின்றுவிடுகின்றன. நீச்சல் குளம் எத்தனை அடி, லிப்ட் எந்த நிறுவனத்தினுடையது, மழைக்குச் சுவர் ஓதம் காக்கிறதா என்பவற்றைப் படித்து முடித்தால் வீட்டைப் பற்றித் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். நான் 2016-இல் நாவலூரைத் தாண்டி, ராஜீவ் காந்தி சாலை என்று அரசு பெயரிட்டும் எல்லோரும் ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் சாலை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்றே அழைக்கும் சாலையிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் உள்ளே, 1,140 சதுர அடி வீடு ஒன்றை 51 லட்சம் ரூபாய்க்கு வாங்கினேன். அதே செங்கல்லையும் கம்பியையும் உத்திரமேரூரில் அடுக்கியிருந்தால் அதில் பாதிகூட ஆகியிருக்காது. ஆகவே நான் கொடுத்த விலையின் பெரும்பகுதி சாலைக்கும், சாலையின் இரு மருங்கிலும் இருக்கும் அலுவலகங்களுக்கும், அவற்றை எட்டுவதற்கான வசதிக்கும் கொடுத்த விலை என்றே கொள்கிறேன். இந்த மதிப்பீடு அந்தப் பகுதியைப் பற்றியது. வீட்டுக்குள் இருப்பவை நன்றாகவே இருக்கின்றன. குளியலறைக் குழாய்களைத் தவிர.

முதலில் பெரிய சாலையை எடுத்துக்கொள்கிறேன். சென்னையின் பெரும்பாலான புறநகர்களில் வீடுகள் முதலில் முளைத்து, சாலை பின்னால் தேடிவரும். இங்கே வரிசை மாறியது. 2000-இல் டைடல் பூங்கா என்ற தகவல் தொழில்நுட்ப அலுவலக வளாகம் திறக்கப்பட்டு, சிறுசேரியில் சிப்காட் வளாகம் எழுந்த பிறகு, மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு ஆறு வழிச் சாலையை மாநில அரசின் சாலை மேம்பாட்டு நிறுவனம் தன் துணை நிறுவனம் ஒன்றின் மூலம் அமைத்தது. 2008-இல் அது திறக்கப்பட்டது. குடியிருப்புகளில் பெரும்பாலானவை அதன் பிறகே வந்தன. அகலமான சாலை இருந்ததால்தான் உயரமான கட்டடங்களுக்கு அனுமதி எளிதாயிற்று என்பதும், உயரமான கட்டடங்கள் வந்ததால்தான் அந்த அகலம் போதாமற்போயிற்று என்பதும் ஒரே கதையின் இரண்டு பாதிகள்.

இந்தச் சாலைக்கு நாங்கள் சுங்கம் கட்டினோம். நாவலூரில் காருக்கு ஒரு வழிக்கு முப்பது ரூபாய் அளவில் வாங்கினார்கள். பழைய காரை விற்கும்போது ஓட்டுநர் இருக்கைக்கு மேலுள்ள வெயில் மறைப்பின் பின்னால் கைவிட்டபோது, மை முற்றிலும் மங்கிப்போன ரசீதுகள் ஒரு கொத்தாக வந்தன; அவற்றில் ஓரிரண்டில் மட்டும் சாவடியின் பெயரைப் படிக்க முடிந்தது. அந்தக் கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றியதை இங்கே பதிவுசெய்கிறேன்: சாலைக்காக நான் கொடுத்த பணங்களில், எதற்காகக் கொடுத்தேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்த ஒரே பணம் இதுதான். 2021 ஆகஸ்ட் இறுதியில் மெட்ரோ ரயில் பணிகளைக் காரணமாகச் சொல்லிப் பெருங்குடி உள்ளிட்ட நான்கு சாவடிகளில் வசூல் நிறுத்தப்பட்டது. நாவலூர்ச் சாவடி மட்டும் 2023 அக்டோபர் வரை நீடித்து, முதலமைச்சரின் அறிவிப்புக்குப் பின் அதுவும் ஓய்ந்தது. எங்கள் குடியிருப்பில் அன்று இனிப்பு வழங்கினார்கள். நானும் ஒரு மைசூர்பாகு தின்றேன்.

ஆனால் சுங்கத்தைப் பற்றிய என் கருத்து அந்த இனிப்பைப் போல ஒரேயடியாகத் தித்திப்பானதன்று. ஊருக்கு நடுவே ஓடும் சாலையில் சாவடி வைப்பது முறையற்றது என்ற வாதம் சரியானதே. பள்ளிக்குப் பிள்ளையைக் கொண்டுவிடவும், மருந்து வாங்கவும் ஒருவர் சாவடியைக் கடக்க நேர்வது நெடுஞ்சாலைப் பயணம் ஆகாது. அதே சமயம், சாவடி எழுந்த பிறகு அதன் இரு பக்கத்திலும் காலி மனை வைத்திருந்தவர்கள், ஒரு ரூபாய்கூடச் சுங்கம் கட்டாமல், சாலை கொண்டுவந்த விலையேற்றத்தை முழுமையாக அனுபவித்தார்கள். சாலையில் ஓடுகிறவர் பணம் கட்டினார். சாலையால் உயர்ந்தவர் கட்டவில்லை. சுங்கத்தை நிறுத்தியதால் இந்த ஏற்றத்தாழ்வு தீரவில்லை. செலவு பொதுக் கருவூலத்துக்கு நகர்ந்தது, அவ்வளவே.

மனை உரிமையாளரும் கட்டுநரும் ஒன்றுமே கட்டுவதில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி தரும்போது உட்கட்டமைப்பு மற்றும் வசதிகள் கட்டணம் என்று ஒன்று வசூலிக்கப்படுகிறது; அதற்கான விதிகள் 2008-ஆம் ஆண்டு வந்தவை. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், அகலமான சாலையை ஒட்டிய உயரக் கட்டடங்களுக்கு மனைப் பரப்பைப் போல 3.25 மடங்கு வரை கட்ட இடம் தந்தன. அதற்கு மேலும் வேண்டுமானால், அரசு நிலத்துக்கு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பின் அடிப்படையில் பணம் செலுத்தி, சாலை அகலத்துக்கு ஏற்ப 50 சதவீதம் வரை கூடுதல் தளப்பரப்பு வாங்கிக்கொள்ளலாம். இதை விற்பனையாளர்கள் ‘பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.’ என்று பெருமையாகச் சொல்வார்கள். மனைக்கு மேலிருக்கும் ஆகாயத்தை அரசு விற்கிறது என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன். விற்பதில் எனக்கு மறுப்பில்லை. விற்ற பணம் எந்தத் தெருவில் தாராக இறங்கியது என்பதை, அந்த ஆகாயத்தில் குடியிருக்கும் ஒருவர் கண்டுபிடிக்க வழியில்லை என்பதே குறை.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. வீடு வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும். ஒரு கட்டணம் முன்கூட்டியே தெரிந்திருந்தால், கட்டுநர் நிலத்தை வாங்கும்போதே அதைக் கழித்துக்கொண்டு நில உரிமையாளரிடம் பேரம் பேசுவார். அப்போது பாரம் பெரும்பாலும் நிலத்தின் மீது விழும். நிலம் கைமாறிய பிறகு புதிதாக ஒரு கட்டணம் வந்தால், அது சதுர அடி விலையில் ஏறி நம் தலையில் இறங்கும். ஆகவே கட்டணம் கூடாது என்று கூச்சலிடுவதைவிட, அதை முன்னதாகவே அறிவித்து அடிக்கடி மாற்றாமல் இருங்கள் என்று கேட்பதே வாங்குபவருக்கு நன்மை.

பத்திரப் பதிவின்போது நான் நேரடியாகக் கட்டியதையும் சொல்லிவிடுகிறேன். 2016-இல் பிரிபடாத பாக நிலத்தின், அதாவது வளாக நிலத்தில் என் வீட்டுக்குரிய பங்கின், மதிப்பில் முத்திரைத் தீர்வை 5 சதவீதம், சொத்து மாற்றத்தின் மீதான கூடுதல் தீர்வை 2 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம் என்று எட்டு சதவீதமும், கட்டுமான ஒப்பந்தத்துக்குத் தனியாகவும் கட்டினோம். இப்போது கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி வீடுகளை நிலமும் கட்டடமும் சேர்ந்த மொத்த மதிப்பில் பதிய வேண்டும், 50 லட்சம் வரை 6 சதவீதமும் அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதமும் ஆகிறது. நான் கட்டிய எட்டில் அந்த இரண்டு சதவீதம் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சேர வேண்டிய பங்கு. எங்கள் வீட்டு வாசல் சாலைக்கும் என் பணத்துக்கும் இருக்கும் ஒரே நேரடி உறவு அதுதான்.

அந்த வாசல் சாலையைப் பற்றித்தான் இந்த மதிப்பீட்டில் நான் விரிவாக எழுத வேண்டியிருக்கிறது. விற்பனைச் சிற்றேட்டில் எங்கள் வளாகத்தின் முன்னால் அறுபது அடிச் சாலை ஒன்று, இருபுறமும் கொன்றை மரங்களுடன், ஓ.எம்.ஆர். வரை நேராக ஓடியது. படத்தின் கீழ் மிகச் சிறிய எழுத்தில் ‘உத்தேசம்’ என்று இருந்ததை நான் குடியேறிய பிறகே படித்தேன். நிஜத்தில் இருந்தது இருபது அடி அகலமுள்ள ஊராட்சிச் சாலை. கட்டுநர் தன் மனைக்கு முன்னால் இருந்த பகுதியைத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிட்டதால், அங்கே மட்டும் சாலை திடீரென்று விரிந்து, மனை முடிந்ததும் பழையபடி சுருங்கும். அதற்கு அப்பால் ஒரு பட்டா நிலம், அதன் மூலையில் ஒரு கிணறு, கிணற்றைச் சுற்றி ஒரு வளைவு. காலை எட்டேகாலுக்கு அந்த வளைவில் தண்ணீர் லாரியும் பள்ளி வேனும் எதிரெதிரே வந்துவிட்டால், லாரியின் கிளீனர் இறங்கிப் பின்னால் நிற்கும் ஸ்கூட்டர்களை ஒவ்வொன்றாகக் கைகாட்டி ஒதுக்கி முடிக்கும்வரை யாரும் எங்கும் போக முடியாது. லாரியின் பின்குழாயிலிருந்து ஒழுகும் தண்ணீர் அதே இடத்தில் தினமும் விழுந்து, அங்கே ஒரு நிரந்தரக் குழி உண்டாகியிருக்கிறது. மூன்று முறை எங்கள் குடியிருப்போர் சங்கமே ஜல்லியும் எம்-சாண்டும் இறக்கி அதை நிரப்பியது. மூன்று மழையும் அதைத் திருப்பி எடுத்துக்கொண்டன.

இதில் ஊராட்சியை மட்டும் குற்றம் சொல்வது எளிது, ஆனால் நியாயமாகாது. 2011-இல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோது செம்மஞ்சேரி வரை உள்ளே போயிற்று. நாவலூரும் சிறுசேரியும் ஊராட்சிகளாகவே வெளியே நின்றன. சில நூறு வீடுகளுக்காக அமைந்த நிர்வாகத்தின் கையில் பல ஆயிரம் அடுக்குமாடி வீடுகளின் தெருவும் குப்பையும் வந்து சேர்ந்தன. பெரிய சாலை மாநில நிறுவனத்தின் பொறுப்பு, கட்டட அனுமதி திட்டமிடல் துறையின் பொறுப்பு, உள்சாலை ஊராட்சியின் பொறுப்பு. அனுமதி கொடுக்கும் கைக்கும் சாலை போடும் கைக்கும் இடையே பணம் எப்படிப் போகிறது என்பதுதான் எங்கள் கிணற்றடி வளைவின் வரலாறு.

இனி பேருந்து. இந்த மதிப்பீட்டில் முழு மதிப்பெண் பெறும் ஒரே சேவை இது; இதைச் சொன்னால் என் வளாகத்தில் பலர் சிரிப்பார்கள். பிராட்வே–கேளம்பாக்கம் 102, கோயம்பேடு–கேளம்பாக்கம் 570 போன்ற தடங்கள் இந்தச் சாலையின் முதுகெலும்பு. என் அலுவலகம் சேப்பாக்கத்தில் இருப்பதால், திருவான்மியூர் வரை பேருந்தில் போய், டைடல் சந்திப்பை ஒட்டி நிற்கும் பறக்கும் ரயில் நிலையத்தில் ஐந்து ரூபாய்ச் சீட்டு எடுத்துக்கொள்கிறேன். சாதாரண, விரைவுப் பேருந்துகளில் விருப்பம்போல் பயணம் செய்ய மாதம் 1,000 ரூபாய்ச் சீட்டு உண்டு. குளிர்சாதனப் பேருந்துகளையும் சேர்த்து 2,000 ரூபாய்க்கு ஒன்றை 2025-இல் கொண்டுவந்தார்கள். காரில் போனால் ஒரு வாரத்து எரிபொருளுக்கே அந்தத் தொகை போதாது.

ஆனால் பேருந்தின் மதிப்பை நான் உணர்ந்தது என் பயணத்தினால் அன்று. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் அம்மா செம்மஞ்சேரியில் இருக்கிறார். நகரத்தின் உள்ளிருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கரையோரத்திலிருந்தும் மக்களைக் கொண்டுவந்து இந்தச் சாலையை ஒட்டி அரசு குடியமர்த்தியது: கண்ணகி நகரில் 15,656 வீடுகள், செம்மஞ்சேரியில் 6,764, பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கும் மேல். ஓ.எம்.ஆரின் வீட்டு வளர்ச்சி என்று விளம்பரங்கள் பேசும்போது இந்த வீடுகளை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் மெத்தவும் பேருந்தை நம்பியிருப்பவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். 2021 மே மாதம் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆனபோது, அதுவரை ஷேர் ஆட்டோவுக்கு அந்த அம்மா கொடுத்துவந்த பணம் வீட்டில் தங்கியது. “இப்ப ரெண்டு வீடு சேத்துப் பாக்குறேன் சார், நாவலூர் தாண்டியும் போலாம்ல” என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகு, ஒரு சாலையில் ஆகும் செலவில் மிகக் குறைந்த பணத்துக்கு மிக அதிகப் பலன் தரும் இனம் எது என்ற கேள்விக்கு எனக்கு வேறு ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

பேருந்தின் குறை பேருந்தில் இல்லை, நிறுத்தத்தை அடைவதில் இருக்கிறது. ஒன்றேகால் கிலோமீட்டருக்கு நடைபாதை கிடையாது. குடியேறிய முதல் இரண்டு ஆண்டுகள் கட்டுநர் ஒரு வேன் விட்டார். விற்காமலிருந்த கடைசி வீடும் விற்றதும் வேன் நின்றது. இப்போது சங்கமே ஒரு வேனை நடத்துகிறது. வீட்டுக்கு மாதம் 350 ரூபாய். காலையில் ஐந்து நடை, மாலையில் ஆறு நடை. ஓட்டுநர் விடுப்பு எடுத்தால் வாட்ஸ்அப் குழுவில் அன்று முழுவதும் போர். ஆக, எங்கள் பொதுப் போக்குவரத்தின் முதல் கிலோமீட்டரை நாங்களே தனியாராக நடத்திக்கொண்டிருக்கிறோம்.

மெட்ரோவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஏனென்றால் தூண்களைத்தான் நான் பயன்படுத்தியிருக்கிறேன். அவற்றின் நிழலில் பேருந்துக்கு நின்றிருக்கிறேன். இரண்டாம் கட்டத்தில் 3 என்று எண்ணிடப்பட்ட வழித்தடம் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். இந்தச் சாலையில் அது உயர்மட்டப் பாதையாகச் செல்கிறது. அந்தக் கட்டத்தின் மூன்று வழித்தடங்களுக்கும் சேர்த்துச் செலவு மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். பணத்தை யார் தருவது என்பதில் மத்திய, மாநில அரசுகளுக்கிடையே நெடுநாள் இழுபறி இருந்து, 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. அதன்படி ஏறத்தாழ 65 சதவீதம் மத்திய அரசின் வழியாகவும் மீதி மாநில அரசாலும் வரும். அந்த 65-இல் 33,593 கோடி ரூபாய் கடன். ஜப்பான் அரசின் உதவி நிறுவனமான ஜைகா, ஆசிய வளர்ச்சி வங்கி போன்றவற்றிடம் வாங்கும் கடனைத் திருப்பிச் செலுத்துவது நம் பேரப்பிள்ளைகள் வரை போகக்கூடும்.

என் மனத்தை உறுத்துவது இதுதான். மெட்ரோ நிலையம் எங்கள் வளாகத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டரில் வரப்போகிறது என்பதற்காகவே என் வீட்டின் மறுவிற்பனை விலை உயர்ந்திருக்கிறது. அந்த உயர்வுக்கு நான் ஒன்றும் செய்யவில்லை. ராமநாதபுரத்தில் ஒருவர் இருசக்கர வாகனம் வாங்கும்போது கட்டும் வாழ்நாள் வரியும், தேனியில் ஒருவர் பெட்ரோல் போடும்போது கட்டும் வரியும் சேர்ந்த கருவூலம்தான் அந்தக் கடனைத் தாங்குகிறது. அவர்கள் இந்த ரயிலில் ஏறப்போவதில்லை. ரயிலால் உயரும் நில மதிப்பின் ஒரு பகுதியைத் திட்டத்துக்கே திருப்ப வேண்டும் என்று மத்திய அரசின் 2017-ஆம் ஆண்டு மெட்ரோ கொள்கையே வலியுறுத்துகிறது. மகாராஷ்டிரம் 2022 ஏப்ரல் முதல் மும்பை, புணே போன்ற நகரங்களில் சொத்துப் பதிவின்போது 1 சதவீத மெட்ரோ மேல்வரி வாங்குகிறது. ஹாங்காங்கில் ரயில் நிறுவனத்துக்கே நிலையங்களின் மேலும் அருகிலும் கட்டும் உரிமையை அரசு கொடுத்து, ரயில் வருவதற்கு முந்தைய நில மதிப்பில் விலை வாங்கிக்கொள்கிறது. விலையேற்றம் தண்டவாளத்துக்கே திரும்புகிறது. ஆனால் அங்கே நிலம் அரசினுடையது. ஓ.எம்.ஆரில் ஒவ்வொரு சென்ட்டுக்கும் ஒரு பட்டாதாரர் இருக்கிறார் என்பதால் அதை அப்படியே இங்கே பெயர்த்து நட முடியாது. மும்பை வழி நமக்குக் கொஞ்சம் பக்கம். அத்தகைய ஒரு சதவீதம் இங்கே வந்தால் நான் எதிர்க்கமாட்டேன். ஒரு நிபந்தனை உண்டு: அதில் ஒரு பங்கு நிலையத்திலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள நடைபாதைகளுக்கும் இணைப்புச் சாலைகளுக்கும் மட்டுமே செலவாக வேண்டும், கணக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பட வேண்டும்.

இந்தப் பகுதியில் வீடு பார்ப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. மாதிரி வீட்டை ஞாயிற்றுக்கிழமை பார்க்காதீர்கள். திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்குப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி, வளாகத்தின் வாசல் வரை நடந்து பாருங்கள். சிற்றேட்டில் இருக்கும் சாலையை அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலும், கிராமப் புல வரைபடத்திலும் தேடுங்கள். இரண்டிலும் இல்லாத சாலை சிற்றேட்டோடு முடிந்துவிடும். சாலைக்கும் பூங்காவுக்கும் எழுதிய தானப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வேன் இருக்கிறது என்றால், எத்தனை ஆண்டுக்கு, யார் செலவில் என்று எழுத்தில் வாங்குங்கள்.

சென்ற மாதம் என் எதிர்வீடு விலைக்கு வந்தது. பார்க்க வந்தவர் ஓய்வுபெற்ற நில அளவையர். அறைகளைப் பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு சாலைக்கு வந்தார். கிணற்றடி வளைவில் நின்று, பையிலிருந்து நாடாவை எடுத்து, ஒரு முனையை என்னிடம் கொடுத்து வேலியோரம் பிடிக்கச் சொன்னார். ஐந்து மீட்டர் எண்பது. அதை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு மேலே போனவர், அந்தச் சீட்டை மேசையில் வைத்தே பேசி, சொன்ன விலையில் இரண்டரை லட்சம் குறைத்து முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்.